தவளைக் கால் துடித்தது! பாட்டரி பிறந்தது!

டார்ச் லைட்டில் போடும் பாட்டரிக் கட்டையை எடுத்துப் பாருங்கள். அதன் மேல் 1.5 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். மோட்டார் காரில் உள்ள பாட்டரிக்கு 12 வோல்ட். வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்.

வோல்ட், வோல்ட் என்று தினமும் சொல்கிறோமே, அது என்ன சொல்?

அது ஒரு மனிதரின் பெயர்!

அவர் அலெஸாண்ட்ரோ வோல்டா. இத்தாலி தேசத்துக்காரர். உலகத்தில் முதன் முதலாகப் பாட்டரி செய்தவர் அவர்தான். அவருடைய பெயரைச் சுருக்கித்தான் வோல்ட் என்று வைத்தார்கள்.

துணியை மீட்டரில் அளக்கிறோம். அரிசியைக் கிலோவில் நிறுக்கிறோம். அதுபோல மின்சாரத்தின் அழுத்தத்தை வோல்ட் கணக்கில் அளக்கிறோம். அளக்கும் கருவிக்கு வோல்ட் மீட்டர் என்று பெயர்.

அழுத்தம் என்றால் என்ன? மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டி உயரத்தில் இருந்தால் குழாயில் தண்ணீர் வேகமாக வரும். தாழ்வாக இருந்தால் மெதுவாக வரும். மின்சாரத்துக்கும் அப்படி ஓர் உயரம் உண்டு. அந்த உயரம்தான் வோல்ட்.

இந்தப் பெருமை வோல்டாவுக்கு எப்படிக் கிடைத்தது? ஒரு தவளையின் காலால் கிடைத்தது. இரண்டு பேராசிரியர்களுக்கு இடையே நடந்த ஒரு பெரிய வாதத்தால் கிடைத்தது.

பேசாத குழந்தை

இத்தாலியின் வடக்கே கோமோ என்ற ஊர் இருக்கிறது. மலைகளுக்கு நடுவே, ஓர் அழகான ஏரியின் கரையில் இருக்கும் ஊர். அங்கே 1745-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி வோல்டா பிறந்தார். தந்தை பெயர் பிலிப்போ. தாயார் மத்தலேனா.

பிரபுக்கள் குடும்பம்தான். ஆனால் கையில் பணம் இல்லை.

குழந்தைக்கு 4 வயது ஆயிற்று. பேச்சு வரவில்லை. பிள்ளை ஊமையோ என்று பெற்றோர் கவலைப்பட்டார்கள். பிறகு மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. 7 வயதுக்குள் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாகி விட்டார். அதற்குப் பிறகு அவர்களையும் தாண்டிப் போனார்.

அந்தச் சமயத்தில் தந்தை இறந்து போனார். சித்தப்பா, பெரியப்பா வீட்டாரின் ஆதரவில் வோல்டா வளர்ந்தார்.

அவருடைய சகோதரர்களில் சிலர் பாதிரியார் ஆனார்கள். சகோதரிகளில் சிலர் கன்னியாஸ்திரீகள் ஆனார்கள். பள்ளிக்கூடத்தில் பாதிரியார்கள் வோல்டாவையும் தங்கள் சபையில் சேர்த்துக்கொள்ள விரும்பினார்கள். வீட்டாரோ அவர் வக்கீல் ஆக வேண்டும் என்றார்கள்.

வோல்டாவுக்கு இரண்டிலும் மனம் செல்லவில்லை. அவர் மனம் முழுவதும் மின்சாரத்தில் இருந்தது.

வேடிக்கை காட்டிய மின்சாரம்

அந்தக் காலத்தில் மின்சார விளக்கு கிடையாது. விசிறி கிடையாது. கம்பி வழியாக வீட்டுக்கு மின்சாரம் வரும் என்று யாரும் கனவுகூடக் காணவில்லை.

கண்ணாடி உருண்டையைச் சுழற்றித் தேய்ப்பார்கள். படபடவென்று பொறி பறக்கும். தொட்டால் சுரீர் என்று அதிரும். பணக்காரர் வீட்டு விருந்துகளில் இது ஒரு வேடிக்கை. மின்சாரம் என்றால் அவ்வளவுதான்.

அதைச் சேர்த்து வைக்க ஒரு ஜாடி இருந்தது. லெய்டன் ஜாடி என்று அதற்குப் பெயர். ஆனால் அதிலும் ஒரு குறை. தொட்டதும் ஒரே ஓர் அதிர்ச்சி கொடுக்கும். பிறகு காலி! மறுபடி தேய்த்து நிரப்ப வேண்டும்.

வோல்டா 18 வயதிலேயே பெரிய விஞ்ஞானிகளுக்குக் கடிதம் எழுதிச் சந்தேகம் கேட்டார். ஊரில் இருந்த பணக்கார நண்பர் கத்தோனி தம் ஆராய்ச்சி அறையில் வேலை செய்ய இடம் கொடுத்தார். 24-ம் வயதில், 1769-ல், மின்சாரத்தைப் பற்றித் தமது முதல் நூலை வெளியிட்டார்.

1775-ல் ஒரு கருவி செய்தார். அரக்குப் போன்ற ஒரு பொருளால் ஆன தட்டு. அதை ஒரு முறை தேய்த்தால் போதும். மேலே ஓர் உலோகத் தட்டை வைத்து எடுத்தால் மின்சாரம் வரும். மறுபடி வைத்து எடுத்தால் மறுபடி வரும். எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஐரோப்பா முழுவதும் வோல்டாவின் பெயர் பரவியது.

அடுத்த ஆண்டு மஜோரே என்ற ஏரிக்கரைச் சேற்றைக் குச்சியால் கிளறினார். குமிழ் குமிழாக ஒரு வாயு கிளம்பியது. அதைப் பிடித்துக் கொளுத்தினார். நீல நிறத்தில் எரிந்தது. அதுதான் மேத்தேன் வாயு. இன்று சாண எரிவாயு அடுப்பில் எரிகிறதே, அதில் பெரும்பங்கு இந்த வாயுதான்.

1778-ல் பவீயா பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. பாடம் கேட்கக் கூட்டம் நிரம்பி வழிந்தது.

துரும்பால் ஒரு தராசு

மற்றவர்களுக்கும் வோல்டாவுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது.

மற்றவர்கள் மின்சாரத்தைக் காட்டினார்கள். வோல்டா அதை அளக்க நினைத்தார்.

எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பது வேறு, அது எவ்வளவு அழுத்தத்தோடு தள்ளுகிறது என்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அவர் கண்டார்.

அளப்பதற்குக் கருவி வேண்டும். அவர் செய்த கருவி மிக எளியது. ஒரு கண்ணாடிப் புட்டி. அதற்குள்ளே மெல்லிய வைக்கோல் துரும்புகள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். மேலே மின்சாரம் பட்டால் துரும்புகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு விலகும். எவ்வளவு விலகின என்று பார்க்கப் புட்டியில் கோடுகள் போட்டிருக்கும். அழுத்தம் கூடினால் துரும்புகள் அதிகமாக விலகும்.

இன்றைய வோல்ட் மீட்டருக்கு முன்னோடி இந்தத் துரும்புதான்!

கோமோவில் இருக்கும் கருவி ஒரு கணக்கும், லண்டனில் இருக்கும் கருவி வேறு கணக்கும் காட்டினால் பயன் இல்லை. எங்கே அளந்தாலும் ஒரே அளவு வர வேண்டும். வோல்டா அதற்காக மிகவும் பாடுபட்டார்.

மிகச் சிறிய மின்சாரம் துரும்பை அசைக்காது. அதற்கும் ஒரு வழி கண்டார். இரண்டு தட்டுகளை நெருக்கமாக வைத்து, சிறு மின்சாரத்தைச் சேர்த்துப் பிடித்தார். பிறகு தட்டைத் தூக்கினார். தூக்கியதும் அழுத்தம் பல மடங்கு ஏறியது. துரும்பு அசைந்தது! 1782-ல் இந்தக் கருவியைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார்.

பின்னால் வந்த பெரிய வாதத்தில் அவருக்குக் கை கொடுத்தது இந்தக் கருவிதான்.

தவளையின் கால்

போலோனா நகரத்தில் லூயிஜி கால்வனி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். வோல்டாவைவிட 8 வயது மூத்தவர். மருத்துவம் படித்தவர். அடக்கமானவர், தெய்வ பக்தி மிகுந்தவர்.

அவர் செத்த தவளைகளை அறுத்து ஆராய்ச்சி செய்து வந்தார். ஒரு நாள் பக்கத்தில் மின்சார யந்திரம் சுழன்றுகொண்டிருந்தது. தவளையின் நரம்பில் கத்தி பட்டது. அந்த நேரத்தில் யந்திரத்தில் பொறி பறந்தது. உடனே செத்த தவளையின் கால் வெடுக்கென்று உதைத்துக்கொண்டது!

கால்வனி வியந்து போனார். விடாமல் ஆராய்ந்தார். பித்தளைக் கொக்கியில் தவளைக் காலை மாட்டினார். கொக்கி இரும்புக் கம்பியில் பட்டது. அப்போது பக்கத்தில் யந்திரம் இல்லை. பொறியும் இல்லை. ஆனாலும் கால் துடித்தது.

அப்படியானால் மின்சாரம் எங்கிருந்து வந்தது?

பிராணியின் உடம்பிலேயே மின்சாரம் இருக்கிறது என்று கால்வனி முடிவு செய்தார். கம்பியும் கொக்கியும் அது ஓடுவதற்கு வழி மட்டுமே என்றார். பல ஆண்டுகள் பொறுமையாகச் சோதித்துவிட்டு, 1791-ல் நூலாக வெளியிட்டார்.

ஐரோப்பாவில் ஒரே பரபரப்பு. டாக்டர்கள் தவளைகளைத் தேடி ஓடினார்கள். செத்தவரைப் பிழைக்க வைக்கலாமோ என்றுகூடச் சிலர் பேசிக்கொண்டார்கள்.

தவளையே ஒரு மீட்டர்!

வோல்டாவும் தவளையை எடுத்துச் சோதித்தார். முதலில் கால்வனியை மனமாரப் பாராட்டினார். அவர் சொல்வது சரி என்றே நம்பினார்.

ஆனால் அளந்து பார்க்கும் பழக்கம் அவரை விடவில்லை. தவளைக் கால் துடிப்பதற்கு எவ்வளவு மின்சாரம் தேவை?

அளந்தார். துரும்புகளை அசைக்க முடியாத அவ்வளவு சிறிய மின்சாரத்துக்குக்கூடத் தவளைக் கால் துடித்தது.

வோல்டாவுக்குப் புதிய எண்ணம் ஒன்று பிறந்தது. தவளை மின்சாரத்தைக் கொடுக்கவில்லையோ? மின்சாரம் இருப்பதைக் காட்ட மட்டும் செய்கிறதோ? அதாவது, தவளை ஒரு மீட்டரோ?

இன்னொன்றையும் கவனித்தார். கொக்கியும் கம்பியும் ஒரே உலோகமாக இருந்தால் கால் சரியாகத் துடிப்பதில்லை. பித்தளையும் இரும்புமாக, இரண்டு வேறு உலோகங்களாக இருந்தால் நன்றாகத் துடிக்கிறது.

தவளையை விட்டார். தம்முடைய நாக்கையே எடுத்துக்கொண்டார். நாக்கின் நுனியில் தகரத் தாள். நடுவில் வெள்ளிக் காசு. இரண்டையும் ஒன்றோடு ஒன்று தொட வைத்தார். சுருக்கென்று புளிப்புத் தட்டியது!

இங்கே தவளை இல்லை. ஆனாலும் மின்சாரம் ஓடியது. இரண்டு வேறு உலோகங்கள் சேர்வதால்தான் மின்சாரம் பிறக்கிறது என்று வோல்டா அறிவித்தார்.

இரண்டு கட்சி

விஞ்ஞானிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கால்வனி கட்சி ஒன்று, வோல்டா கட்சி ஒன்று. கால்வனியின் மருமகன் முறையான அல்தீனி அவருக்காக ஊர் ஊராக வாதாடினார்.

உலோகம் வேண்டும் என்கிறீர்களா, உலோகமே இல்லாமல் காட்டுகிறோம் என்று கால்வனி கட்சியார் கிளம்பினார்கள். கம்பி இல்லை, கொக்கி இல்லை. தவளையின் நரம்பை வளைத்து, அதன் சதையிலேயே படும்படி வைத்தார்கள். கால் துடித்தது!

வோல்டாவுக்கு இது பெரிய அடி. ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. எவ்வளவு நீண்டாலும் இருவரும் மரியாதை தவறவில்லை.

இதற்கு நடுவே 1794-ல் லண்டன் ராயல் சொசைட்டி வோல்டாவுக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. அதே ஆண்டு அவருக்குக் கல்யாணம் நடந்தது. அப்போது அவருக்கு வயது 49! மனைவி பெயர் தெரேசா. மூன்று ஆண் குழந்தைகள் பிறந்தார்கள்.

யுத்தம் வந்தது

1796-ல் நெப்போலியனின் பிரெஞ்சுப் படை இத்தாலிக்குள் நுழைந்தது. புதிய ஆட்சி ஏற்பட்டது. உத்தியோகத்தில் இருப்பவர்கள் எல்லோரும் புதிய ஆட்சிக்கு விசுவாசமாக இருப்போம் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது.

கால்வனி மறுத்தார். தம் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் அது விரோதம் என்று எண்ணினார். வேலை போயிற்று. சம்பளம் நின்றது. அன்பு மனைவி லூச்சியா முன்பே இறந்துவிட்டார். தனிமையும் வறுமையும் அவரை வாட்டின. 1798 டிசம்பர் 4-ந் தேதி அவர் கண் மூடினார். வாதத்தின் முடிவைப் பார்க்க அவர் இல்லை.

வோல்டா வேறு மாதிரி. எந்த ஆட்சி வந்தாலும் அனுசரித்துப் போனார். அவருக்கும் கஷ்டம் வந்தது. 1799-ல் ஆஸ்திரியப் படை திரும்பி வந்து, பவீயா பல்கலைக்கழகத்தை மூடியது. வோல்டா கோமோவுக்குத் திரும்பினார்.

காசு அடுக்கியது போல ஒரு தூண்

இரண்டு உலோகம் தொட்டால் மின்சாரம் வருகிறது. சரி. ஆனால் எவ்வளவு வருகிறது?

1782-ல் செய்த அந்தத் தட்டுக் கருவியால் வோல்டா அளந்தார். வெள்ளியும் துத்தநாகமும் ஒரு ஜோடி சேர்ந்தால், துரும்புக் கருவியின் ஒரு கோட்டில் 60-ல் ஒரு பங்குதான் வந்தது.

இத்தனை சிறியதை யார் நம்புவார்கள்? அதைப் பெரிதாக்க வேண்டும். ஒரு ஜோடியோடு இன்னொரு ஜோடியைச் சேர்த்தால் பெரிதாகுமா?

வெறுமனே அடுக்கினால் ஆகவில்லை. ஒரு ஜோடி முன்னே தள்ளினால் அடுத்தது பின்னே தள்ளிவிடும். அதனால் ஜோடிகளுக்கு நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டையை வைத்தார்.

கீழே வெள்ளி வில்லை. அதன் மேல் துத்தநாக வில்லை. அதன் மேல் நனைந்த அட்டை. மறுபடி வெள்ளி, துத்தநாகம், அட்டை. இப்படிக் காசு அடுக்குவது போல 20, 40, 60 ஜோடிகளை அடுக்கினார்.

அடியிலும் உச்சியிலும் ஈரக் கையை வைத்தார். சுரீர் என்று அதிர்ந்தது! மறுபடி வைத்தார். மறுபடி அதிர்ந்தது! லெய்டன் ஜாடி ஒரு தடவையில் காலியாகிவிடும். இந்தத் தூண் காலியாகவில்லை. மின்சாரம் ஆறு போல ஓடிக்கொண்டே இருந்தது.

60 ஜோடி அடுக்கினால், துரும்பு ஏறக்குறைய ஒரு கோடு விலகும். கணக்குச் சரியாக இருந்தது.

இதுதான் உலகத்தின் முதல் பாட்டரி. காலம் 1799-ன் இறுதி.

தூணின் இரு முனையிலிருந்தும் கம்பி எடுத்துத் தம் காதுகளில்கூட வைத்துப் பார்த்தார் வோல்டா. தலைக்குள்ளே ஏதோ கொதிப்பது போலச் சத்தம் கேட்டது. பயந்து போய், அந்தச் சோதனையை அதற்குமேல் நீட்டவில்லை.

லண்டனுக்குப் போன கடிதம்

1800 மார்ச் 20-ந் தேதி, லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்ஸுக்கு வோல்டா பிரெஞ்சு மொழியில் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். யுத்த காலம். தபால் நிச்சயம் இல்லை. கடிதம் இரண்டு தவணையாகப் போய்ச் சேர்ந்தது.

முதல் பகுதி வந்ததுமே லண்டனில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் வெள்ளி நாணயங்களை அடுக்கி ஒரு தூண் செய்தார்கள். மே மாதமே அதன் கம்பிகளைத் தண்ணீரில் விட்டார்கள். தண்ணீர் இரண்டு வாயுக்களாகப் பிரிந்தது! 1807-ல் ஹம்ப்ரி டேவி பெரிய பாட்டரிகளைக்கொண்டு பொட்டாசியம், சோடியம் என்ற புதிய உலோகங்களையே கண்டுபிடித்தார்.

நெப்போலியன் முன்னிலையில்

1801 நவம்பரில் வோல்டா பாரிஸ் நகரத்துக்குப் போனார். விஞ்ஞானிகள் சபையில் தம் தூணை வைத்துச் சோதனை காட்டினார். பிரான்ஸின் தலைவராக இருந்த நெப்போலியனே நேரில் வந்து உட்கார்ந்து பார்த்தார். தங்கப் பதக்கம் கொடுக்கச் செய்தார்.

பிறகு பதவிகள் வரிசையாக வந்தன. 1809-ல் செனட்டர். 1810-ல் கவுண்ட் என்ற பிரபுப் பட்டம்.

வயதாகிவிட்டது, ஓய்வு கொடுங்கள் என்று வோல்டா கேட்டார். நெப்போலியன் விடவில்லை. ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் பாடம் சொன்னாலும் போதும், பேராசிரியராகவே இருக்க வேண்டும் என்று கூறிவிட்டார்.

1814-ல் ஒரு பெரிய துயரம். இரண்டாவது மகன் பிளமீனியோ இளம் வயதிலேயே இறந்து போனான். அந்தத் துக்கம் வோல்டாவை உடைத்துவிட்டது.

1819-ல் எல்லாப் பதவிகளையும் விட்டு, கோமோவுக்குப் பக்கத்தில் உள்ள கம்னாகோ கிராமத்துக்கும் தம் குடும்பத்துக்கும் திரும்பினார். 1827 மார்ச் 5-ந் தேதி, 82-ம் வயதில் காலமானார். அந்தக் கிராமத்துக்கு இன்று கம்னாகோ வோல்டா என்று பெயர்.

வோல்டா கண்டதும் காணாததும்

வோல்டா கண்டதில் ஒரு பிழை உண்டு.

இரண்டு உலோகம் தொட்டால் போதும், மின்சாரம் வந்துகொண்டே இருக்கும் என்று அவர் நம்பினார். அது சரி அல்ல. நடுவே இருக்கும் உப்புத் தண்ணீர்தான் முக்கியம். உப்புத் தண்ணீரில் துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அந்த ரசாயன மாறுதல்தான் மின்சாரத்தைத் தள்ளுகிறது. பாரடே முதலானவர்கள் பின்னால் இதைத் தெளிவாகக் காட்டினார்கள்.

துத்தநாகம் தீர்ந்தால் பாட்டரியும் தீர்ந்தது. அதனால்தான் டார்ச் லைட் நாளாக ஆக மங்குகிறது. அதனால்தான் பாட்டரியில் இன்னும் உயிர் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

முள் அசைந்தது

1820-ல் டென்மார்க் தேசத்து விஞ்ஞானி எர்ஸ்டெட் ஓர் அதிசயத்தைக் கண்டார். பாட்டரியின் மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகே காந்த ஊசியை வைத்தால், ஊசி திரும்புகிறது!

இனித் தவளை வேண்டாம். நாக்கும் வேண்டாம். ஊசி அசைவதைப் பார்த்தே மின்சாரத்தை அளக்கலாம். இப்படிப் பிறந்த கருவிக்குக் கால்வனியின் நினைவாகக் கால்வனோமீட்டர் என்று பெயர் வந்தது.

1881-ல் பல தேசத்து விஞ்ஞானிகள் பாரிஸில் கூடினார்கள். மின்சாரத்தை எல்லா நாடுகளும் ஒரே கணக்கில் அளக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். எங்கே அளந்தாலும் ஒரே அளவு வர வேண்டும் என்பது வோல்டாவின் ஆசை அல்லவா? மின்சார அழுத்தத்தின் அளவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதுதான் வோல்ட்.

அதே பத்தாண்டில் அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன் என்பவர், கையில் எடுத்துப்போகக்கூடிய வோல்ட் மீட்டரைச் செய்தார். காந்தத்தின் நடுவே ஒரு சிறிய கம்பிச் சுருள். அதோடு ஒரு முள். மின்சாரம் வந்தால் சுருள் திரும்பும், முள் நகரும், வோல்ட் கணக்கைக் காட்டும். பாட்டரியிலிருந்து துளி மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அளப்பதற்காக, சுருளோடு பெரிய தடை ஒன்றைச் சேர்த்திருப்பார்கள்.

நாமும் அளக்கலாம்

மின்சாரக் கடைகளில் கிடைக்கும் மல்டிமீட்டருக்குள்ளேயே வோல்ட் மீட்டர் இருக்கிறது. இப்போது முள்ளுக்குப் பதிலாக எண்களே தெரிகின்றன.

அதில் இரண்டு கம்பிகள் இருக்கும். சிவப்பும் கறுப்பும். மீட்டரின் திருகை டி.சி. வோல்ட் என்ற பக்கம் திருப்ப வேண்டும். அளக்கப் போகும் பாட்டரியைவிடப் பெரிய எண்ணில் வைக்க வேண்டும். 12 வோல்ட் பாட்டரி என்றால் 20-ல் வைக்கலாம். பிறகு சிவப்பு முனையைப் பாட்டரியின் கூட்டல் குறியிலும், கறுப்பு முனையைக் கழித்தல் குறியிலும் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும். முள் மீட்டராக இருந்தால் முள் பின்னால் போகும்.

புதிய டார்ச் பாட்டரி 1.5 வோல்டோ, அதற்குச் சற்று மேலோ காட்டும். நிறையச் சார்ஜ் ஏறி, ஓய்வாக இருக்கும் கார் பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். அதற்குள்ளே 6 அறைகள். ஓர் அறைக்கு 2 வோல்டுக்குக் கொஞ்சம் அதிகம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டினாரே வோல்டா, அதே கணக்குத்தான். 12 வோல்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் பாட்டரி ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு விஷயத்தில் ஏமாறக் கூடாது. பழைய பாட்டரிகூட, சும்மா இருக்கும்போது நல்ல வோல்ட் காட்டும். வேலை கொடுத்தால்தான் அதன் பலம் தெரியும். விளக்கை எரியவிட்டு அளக்க வேண்டும். அப்போது வோல்ட் சட்டென்று விழுந்தால், பாட்டரிக்கு வயதாகிவிட்டது.

வோல்டா செய்தார் என்று யாரும் பாட்டரியை நாக்கிலோ காதிலோ வைத்துப் பார்க்கக் கூடாது. வீட்டுச் சுவரில் உள்ள 230 வோல்ட் பிளக்கில் பிள்ளைகள் கம்பியை நுழைக்கவே கூடாது. அது உயிரைக் குடிக்கும்.

யார் சொன்னது சரி?

வோல்டாவின் நூறாண்டு நினைவுகளில் ஒரு சோகமும் உண்டு. பாட்டரியின் நூற்றாண்டு விழாவுக்காக 1899-ல் கோமோவில் பெரிய கண்காட்சி நடந்தது. தீப்பிடித்தது. அவர் கையால் செய்த கருவிகள் பல எரிந்து போயின. பிறகு ஏரிக்கரையிலேயே அவருக்கு ஒரு நினைவு மண்டபம் எழுப்பினார்கள். மிஞ்சிய கருவிகளும், எரிந்தவற்றின் மாதிரிகளும் அங்கே இருக்கின்றன.

அப்படியானால் அந்தப் பெரிய வாதத்தில் தோற்றவர் கால்வனியா?

இல்லை. கொக்கியும் கம்பியும் இருந்தபோது மின்சாரம் தள்ளியதற்கு உலோகங்களே காரணம். அதில் வோல்டா சொன்னது சரி. உலோகமே இல்லாமல், நரம்பு சதையில் பட்டுக் கால் துடித்ததே, அது பிராணியின் சொந்த மின்சாரம். அதில் கால்வனி சொன்னது சரி. நம் நரம்பிலும் இதயத்திலும் மின்சாரம் ஓடுகிறது என்பதைப் பின்னால் வந்தவர்கள் அளந்தே காட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, இதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரைகிறார்களே, அந்த இ.சி.ஜி. படம் கால்வனி கண்ட மின்சாரத்தின் படம்தான். அதை அளக்கும் கணக்கு எது தெரியுமா? மில்லி வோல்ட். ஒரு வோல்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கால்வனி கண்ட மின்சாரத்தை வோல்டாவின் பெயரால் அளக்கிறார்கள். வோல்டா செய்த பாட்டரியை அளக்கும் முள் மீட்டருக்குள்ளே இருப்பது, கால்வனியின் பெயர் கொண்ட கருவி.

உயிரோடு இருந்தபோது எதிர் எதிராக நின்ற இரண்டு பெயர்கள், இன்று ஒரே மீட்டருக்குள் சேர்ந்து இருக்கின்றன.